17 ஆண்டுகள், 14 அணிகள்: எட்வின் ஜாக்சனை ஏன் எல்லோரும் வாங்கினார்கள், ஏன் யாரும் வைத்துக்கொள்ளவில்லை?

2011 ஜூலை 27. அன்று காலை எட்வின் ஜாக்சன் சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் பிட்ச்சர். அன்றைக்கே அவரை டொரொன்டோ புளூ ஜேஸ் வாங்கியது. அன்றைக்கே டொரொன்டோ அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கைமாற்றியும் விட்டது. ஒரே நாளில் மூன்று முதலாளிகள். டொரொன்டோவுக்காக அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. மூன்று மாதம் கழித்து கார்டினல்ஸ் வேர்ல்ட் சீரிஸை வென்றது. அடுத்த சீசன் தொடங்கியபோது ஜாக்சன் அங்கேயும் இல்லை, வாஷிங்டனில் இருந்தார்.

ஐந்து வருஷத்தில் நாலு கம்பெனி மாறிய ரெஸ்யூமைப் பார்த்தால் நம்ம ஊர் எச்.ஆர். என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். "ஏன் எங்கேயும் நிலைக்கல?" ஜாக்சனின் ரெஸ்யூமில் 14 அணிகள். மேஜர் லீக் பேஸ்பாலில் இருப்பதே 30 அணிகள்தான், கிட்டத்தட்ட பாதி லீகுக்கு அவர் பந்து வீசியிருக்கிறார். 2019-ல் அவர் 14-வது சீருடையைப் போட்டபோது அது சாதனை. அந்த ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டுச் சிரிப்பவர்கள் நிறைய. எண்ணைப் பிரித்துப் பார்த்தால் வேறு ஒரு கதை வருகிறது. அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், 'ஜர்னிமேன்' என்றால் என்ன?

பயணம் செய்பவர் என்ற அர்த்தத்தில் வந்த சொல் மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. பிரெஞ்சு மொழியில் ஒரு நாள் வேலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஐரோப்பியத் தொழிற்சங்கங்களில் பயிற்சியை முடித்துவிட்டு, சொந்தப் பட்டறை இல்லாமல், நாள் கூலிக்கு வேலை செய்கிற கைவினைஞர்தான் ஜர்னிமேன். கட்டட வேலையை வைத்துச் சொன்னால் சித்தாள் நிலையைத் தாண்டியவர், ஆனால் மேஸ்திரி ஆகாதவர். கொத்தனார். வேலை சுத்தமாகத் தெரியும், எந்த சைட்டுக்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம், கட்டடம் மட்டும் அவர் பெயரில் இருக்காது.

விளையாட்டில் இந்தச் சொல் பாதி பாராட்டு, பாதி கேலி. பல அணிகள் கூப்பிடுகிற அளவுக்குத் திறமை இருக்கிறது, எந்த அணியும் பிடித்து வைத்துக்கொள்கிற அளவுக்கு இல்லை என்று பொருள்.

பேஸ்பாலில் இந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிட்ச்சர்கள்தான். காரணம் எளிது. ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் 'ஸ்டார்ட்டர்' சுமார் 100 பந்து வீசிவிட்டால் அடுத்த நாலைந்து நாள் ஓய்வெடுக்க வேண்டும். அதனால் ஐந்து ஸ்டார்ட்டர்கள் சுழற்சியில் வருவார்கள், ஒருவருக்கு ஆண்டுக்கு 32 ஆட்டம் வாக்கில் விழும். முழங்கைத் தசைநார் கிழிவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஐந்தில் ஒருவர் படுத்தால் உடனே இன்னொருவர் வேண்டும். வருகிறவர் அணியின் கூட்டு வியூகத்தைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் தேவையில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு வந்து மேட்டில் ஏறிப் பந்தைப் போட வேண்டியதுதான். பிட்ச்சரின் தொழில் அவரோடு பெட்டியில் வருகிறது.

ஜாக்சன் யார்?

1983 செப்டம்பர் 9 அன்று அப்போதைய மேற்கு ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில் பிறந்தவர். அப்பா அமெரிக்க ராணுவத்தில். டிரான்ஸ்ஃபர் ஆகும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பள்ளிப் படிப்பு. 2001-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை டிராஃப்டின் ஆறாவது சுற்றில் எடுத்தது.

2003-ல், சரியாகத் தன் 20-வது பிறந்தநாளில், மேஜர் லீகில் முதல் ஆட்டம். எதிரணியின் பிட்ச்சர் யார் தெரியுமா? ஐந்து முறை சை யங் விருது வாங்கிய ராண்டி ஜான்சன். அந்த ஆட்டத்தில் ஜாக்சன் ஜெயித்தார். அதற்குப் பிறகு டாட்ஜர்ஸில் எதுவும் சரியாக அமையவில்லை.

2006 ஜனவரியில் டம்பா பே அணிக்கு டிரேட் செய்யப்பட்டார். 2007-ல் 5 வெற்றி, 15 தோல்வி. பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை பிட்ச்சரின் பெயரிலும் எழுதுவார்கள், அதனால் இந்தக் கணக்கு ஆயுசுக்கும் கூடவே வரும். மறுவருஷமே 14 வெற்றிகள். டம்பா பே முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. அந்த டிசம்பரிலேயே டெட்ராய்ட் டைகர்ஸுக்கு அனுப்பப்பட்டார். 2009-ல் அங்கே ஆல்-ஸ்டார் ஆனார், அந்த ஆண்டு அவருடைய இ.ஆர்.ஏ. 3.62. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்கிற கணக்கு இது, நம்ம பௌலர்களின் எகானமி மாதிரி குறைவாக இருந்தால் நல்லது. ஆல்-ஸ்டார் ஆன அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி டிரேட், இந்த முறை அரிசோனா டைமண்ட்பேக்ஸ்.

149 பந்துகள்

2010 ஜூன் 25 அன்று நடந்த ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாக்சன் என்ற பிட்ச்சரை ஒரே இரவில் புரிந்துகொள்ள அது போதும்.

எதிரணி, அவரைக் கைமாற்றிவிட்ட டம்பா பே. அவர்களுடைய மைதானம். முதல் மூன்று இன்னிங்ஸிலேயே ஜாக்சன் ஏழு பேருக்கு 'வாக்' கொடுத்துவிட்டார். ஒரு பேட்டருக்கு நான்கு பந்து இலக்குப் பகுதிக்கு வெளியே போனால் அவர் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதுதான் வாக். மூன்று இன்னிங்ஸில் ஏழு என்பது நம்ம ஊர்க் கணக்கில் வரிசையாக வைடும் நோ-பாலும் போடுவது மாதிரி. பல கேப்டன்கள் அங்கேயே பந்தை வாங்கிவிடுவார்கள்.

ஆனா ஒருத்தரும் அவர் பந்தில் ஹிட் அடிக்கவில்லை. ஆட்டம் நீண்டது. 100 பந்தைத் தாண்டியது, 120-ஐத் தாண்டியது. அரிசோனாவுக்கு ஆடம் லரோஷ் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன்தான் ஸ்கோர். கடைசியில் 149 பந்துகள், 8 வாக்குகள், ஒரு ஹிட்கூட இல்லை, 1-0 வெற்றி. பேஸ்பாலில் இதை 'நோ-ஹிட்டர்' என்பார்கள். பெரிய பெரிய பிட்ச்சர்கள் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூட எட்டாதது. இதைவிட அழகான நோ-ஹிட்டர்கள் எத்தனையோ உண்டு. இவ்வளவு அலங்கோலமானது அபூர்வம்.

வேகம் இருந்தது, கட்டுப்பாடு வந்து வந்து போனது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் பந்தை அலுப்பில்லாமல் வீசும் கை. அந்தக் கையைப் பார்த்த ஒவ்வொரு அணியின் பயிற்சியாளரும், இவரைச் சரிசெய்ய என்னால் முடியும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

அந்த இரவுக்கு 35 நாள் கழித்து அரிசோனா அவரை வைட் சாக்ஸுக்கு அனுப்பியது.

14-ஐப் பிரித்துப் பார்ப்போம்

இந்த 14 அணிகளுக்கும் அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று வகை பிரித்தால் கதை மாறுகிறது.

முதல் அணி டாட்ஜர்ஸ். அது டிராஃப்ட், அணி தேர்ந்தெடுக்கிறது, வீரர் போகிறார். அடுத்து டம்பா பே, டெட்ராய்ட், அரிசோனா, வைட் சாக்ஸ், கார்டினல்ஸ் என்று ஐந்து அணிகள். ஐந்துமே டிரேட். ஜாக்சனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆக, முதல் ஆறு அணிகளில் ஒன்றைக்கூட அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

2011 சீசன் முடிந்த பிறகுதான் முதல் முறையாக சந்தையில் சுதந்திரமாக நின்றார். வாஷிங்டன் நேஷனல்ஸுடன் 1.1 கோடி டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம். அடுத்து சிகாகோ கப்ஸுடன் 4 ஆண்டுக்கு 5.2 கோடி டாலர். பேரம் பேசிக் கையெழுத்துப் போட்ட இடங்கள் என்று உண்மையாகச் சொல்லக்கூடியவை இந்த இரண்டும்தான்.

மீதி ஆறு: அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ, பால்டிமோர், ஓக்லண்ட், டொரொன்டோ. இவை கப்ஸ் அவரை விடுவித்த பிறகு வந்தவை. இதில் டொரொன்டோ மறுபடியும் டிரேட், அதுவும் பதிலுக்கு வீரர் யாரும் இல்லாமல் வெறும் ரொக்கத்துக்கு. மற்ற ஐந்தும், யாருக்கு ஆள் தேவையோ அவர்கள் கூப்பிட்டபோது போன இடங்கள். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது, உண்மைதான். வேலை கிடைத்தால் போதும் என்று போடுகிற கையெழுத்து அது.

1 + 5 + 2 + 6. 'எங்கேயும் நிலைக்காதவர்' என்று நாம் சொல்லும் மனிதர், 14-ல் இரண்டு இடங்களைத்தான் தெம்போடு தேர்ந்தெடுத்திருக்கிறார்.

டிரேடில் பதிலுக்குப் போனவர்களையும் பாருங்க. 2009 டிசம்பரில் நடந்த மூன்று அணி டிரேடில் ஜாக்சன் அரிசோனா போனார், அரிசோனாவிலிருந்து மேக்ஸ் ஷெர்சர் டெட்ராய்ட் போனார். ஷெர்சர் அதற்குப் பிறகு மூன்று சை யங் விருது வாங்கினார். 2010-ல் அரிசோனா ஜாக்சனைக் கொடுத்து வாங்கியவர்களில் ஒருவர் டேனியல் ஹட்சன். 2019 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, தீர்மானிக்கும் ஆட்டத்தை வாஷிங்டனுக்காகத் தொடங்கியவர் ஷெர்சர், கடைசி பேட்டரை அவுட்டாக்கி முடித்து வைத்தவர் ஹட்சன். தனித்தனி டிரேடுகளில் ஜாக்சனுக்கு மாற்றாகப் போன இருவர், அவரே இரண்டு முறை ஆடிய ஓர் அணிக்குக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அதே 2019-ல்தான் ஜாக்சன் 14 அணிச் சாதனையைப் படைத்தார்.

சம்மதம் கேட்க வேண்டாமா?

நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். ஐபிஎல் ஏலத்தில் எந்த அணி வாங்கும் என்பது வீரர் கையில் இல்லை, சரி. ஆனால் ஓர் அணியிலிருந்து இன்னொரு அணிக்கு டிரேட் செய்ய வீரரின் சம்மதம் வேண்டும். 2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போனதும் சஞ்சு சாம்சன் இங்கே வந்ததும் அப்படித்தான். மேஜர் லீகில் ஒப்பந்தத்தையே இன்னொரு அணிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். வீரர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதை எதிர்த்து நின்றவர் கர்ட் ஃபிளட். கார்டினல்ஸில் 12 சீசன் ஆடியவர், ஏழு கோல்ட் கிளவ் விருது வாங்கியவர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்தார்கள். போக மறுத்தார். வாங்கி விற்க நான் ஒரு சொத்து இல்லை என்ற பொருளில் லீகின் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார், வழக்குப் போட்டார். அப்போது சுதந்திரச் சந்தை என்றே ஒன்று கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் உரிமை அணியிடமே இருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1972-ல் 5-க்கு 3 என்ற கணக்கில் ஃபிளட் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதற்குள் முடிந்திருந்தது. 1975 டிசம்பரில் வேறு இரண்டு பிட்ச்சர்களின் முறையீட்டில் வந்த நடுவர் தீர்ப்புதான் கதவைத் திறந்தது. மேஜர் லீகில் ஆறு ஆண்டு பணி முடித்தவர் சுதந்திரமாக அணி தேடலாம் என்ற விதி அதைத் தொடர்ந்து வந்தது. ஜாக்சன் 2011 வரை காத்திருந்தது இந்த ஆறு ஆண்டுக்காகத்தான்.

ஃபிளட் வழக்கில் தோற்றாலும் அவர் எழுப்பிய கேள்வியிலிருந்து ஒரு சின்ன உரிமை பிறந்தது. 1973-ல் வீரர் சங்கம் பேசி வாங்கிய '10-க்கு 5' விதி. மேஜர் லீகில் 10 ஆண்டு முடித்து, அதில் கடைசி 5 ஆண்டு தொடர்ச்சியாக ஒரே அணியில் இருந்தால், டிரேடை வீரர் மறுக்கலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஜாக்சனை அதில் வைத்துப் பாருங்கள். 10 ஆண்டைத் தாண்டிவிட்டார். 5 ஆண்டு? மேஜர் லீகில் அவர் அதிகபட்சம் ஒரே இடத்தில் இருந்தது டம்பா பேயில், மூன்று சீசன். டிரேட் செய்யப்பட்டுக்கொண்டே இருப்பவருக்கு, டிரேடை மறுக்கும் உரிமை வரவே வராது. யாருக்கு அந்தப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது எட்டாது. ஏற்கெனவே நிலைத்துவிட்ட நட்சத்திரங்களுக்கு அது கிடைக்கும், அவர்களோ பேரம் பேசும்போதே 'டிரேட் கூடாது' என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடக்கூடியவர்கள்.

உங்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால், நினைவுக்கு வருவது கிராஜுவிட்டி. ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து 5 ஆண்டு இருந்தால்தான் நிரந்தர ஊழியருக்கு அது உண்டு. ஒப்பந்தக் கால ஊழியருக்கு ஓராண்டு போதும் என்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஃபிளட் வழக்கில் தோற்ற அதே 1972-ல்தான் நம் பணிக்கொடைச் சட்டமும் வந்தது. தற்செயல்தான், ஆனாலும் இரண்டுமே ஓர் இடத்தில் இருப்பவரை மனதில் வைத்து எழுதியவை.

எல்லா உரிமையும் இப்படி இல்லை. மேஜர் லீகின் 'சர்வீஸ் டைம்' நம் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் மாதிரி, எந்த அணிக்குப் போனாலும் கூடவே வரும். 172 நாள் அணிப் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டு. ஒரே ஒரு நாள் இருந்தாலும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் தகுதி உண்டு. 43 நாளில் ஓய்வூதியத் தகுதி தொடங்குகிறது. 10 ஆண்டில் முழு ஓய்வூதியத் தகுதி. 5 ஆண்டு முடித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் கீழ்நிலை லீகுக்கு இறக்கவும் முடியாது, அந்த 5 ஆண்டு எத்தனை அணியில் சிதறிக் கிடந்தாலும் சரி. ஜாக்சனைக் காப்பாற்றியவை இந்த மாதிரி உரிமைகள்தான். ஆளோடு வருபவை.

5.2 கோடி டாலர் யாருடையது?

2007 முதல் 2013 வரை ஏழு சீசன்களில், ஒவ்வொன்றிலும் ஜாக்சன் 30-க்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கினார். ஏழு ஆண்டில் ஏழு அணிகள், ஒரு முறைகூடச் சுழற்சியில் பெரிய ஓட்டை விழவில்லை. ஷெர்சர் மாதிரி ஆட்டத்தை மாற்றுபவர் இல்லை, ஆனால் ஐந்தாவது நாள் தவறாமல் வந்து நிற்பவர். கப்ஸ் 5.2 கோடி கொடுத்தது அதற்குத்தான்.

அதன் பலன் மோசம். 2013-ல் 8 வெற்றி, 18 தோல்வி. நேஷனல் லீகிலேயே அதிகத் தோல்வி அவருக்குத்தான். 2014-ல் இ.ஆர்.ஏ. 6.33. 2015 ஜூலையில் கப்ஸ் அவரை 'டி.எஃப்.ஏ.' செய்தது. இந்த மூன்றெழுத்தை நினைவில் வையுங்கள். அணியின் 40 பேர் பட்டியலிலிருந்து ஒருவரை உடனே நீக்குவது. அதற்குப் பிறகு சில நாளுக்குள், இப்போதைய விதிப்படி ஏழு நாளுக்குள், அவரை டிரேட் செய்ய வேண்டும், அல்லது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள விட வேண்டும், அல்லது விடுவிக்க வேண்டும். லாப்டாப்பை ஒப்படைத்துவிட்டு அடுத்த மெயிலுக்குக் காத்திருக்கும் வாரம் என்று சொல்லலாம்.

ஆனால் பேஸ்பால் ஒப்பந்தம் முழுக்க உத்தரவாதம் கொண்டது. நோட்டீஸ் பீரியடு சம்பளத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. 2016 இறுதி வரை கப்ஸ் மிச்சப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அவரை எடுக்கும் புது அணி லீகின் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் கொடுத்தால் போதும். இப்போது அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ மூன்றும் ஏன் அவரைக் கூப்பிட்டன என்று புரிகிறதா? கோடி டாலர் பிட்ச்சர், குறைந்தபட்சச் சம்பளத்தில். சரிப்படாவிட்டால் நஷ்டம் இல்லை. 2016-ல் கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸை வென்றது. அந்த ஆண்டும் ஜாக்சனுக்குப் பெரிய சம்பளம் கொடுத்தது கப்ஸ்தான். அவர் பந்து வீசியதோ மயாமிக்கும் சான் டியேகோவுக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டுகளில் அந்தச் சலுகை விலையும் இல்லை. மைனர் லீக் ஒப்பந்தங்கள் வாங்கி, கீழே காத்திருந்து, மேலே இடம் காலியானால் வருவது. மைனர் லீக் என்பது எவ்வளவு ஆழமான கிணறு என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் ஜெயித்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-ல் பிட்ஸ்பர்க் பைரட்ஸில் ஒப்பந்தம் ஆனார்கள். இருவருமே மேஜர் லீகை எட்டவில்லை. இந்த ரிங்கு சிங், கொல்கத்தா அணியின் ரிங்கு சிங் இல்லை, பின்னாளில் மல்யுத்த மேடையில் வீர் மஹான் ஆனவர். பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் மைனர் லீக் வீரர்களுக்கு முதல் முறையாகக் கூட்டு ஒப்பந்தம் கிடைத்தது. அதில் உச்சப் படியான டிரிபிள்-ஏ நிலைக்குக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000. ஒரு படிக்கு 20 மடங்கு. ஜாக்சன் போன்ற அனுபவசாலிகளுக்குக் கீழேயும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், என்றாலும் அந்தப் பள்ளம் பள்ளம்தான்.

2018-ல் காயங்களால் பிட்ச்சர்கள் இல்லாமல் தவித்த ஓக்லண்ட் அவரை எடுத்தது. 34 வயதில் 17 ஆட்டங்களைத் தொடங்கி 6 வெற்றி, 3 தோல்வி, இ.ஆர்.ஏ. 3.33. ஆல்-ஸ்டார் ஆண்டைவிட நல்ல எண். அந்த அணி 97 ஆட்டம் ஜெயித்து பிளே-ஆஃப் போனது. அவரை யாரோ எப்போதோ சரிசெய்துவிடுவார்கள் என்று 15 வருஷமாக நம்பியவர்கள் முழுக்க முட்டாள்கள் இல்லை போலிருக்கிறது.

அது அவருடைய 13-வது அணி. அதுவரை 13 அணிகளுக்கு ஆடி, சாதனையைத் தனியாக வைத்திருந்தவர் ஆக்டேவியோ டொடெல், அவரும் பிட்ச்சர்தான். 2011 ஜூலை 27 அன்று டொரொன்டோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு ஜாக்சனோடு சேர்த்து அனுப்பப்பட்டவர்களில் டொடெலும் ஒருவர். ஒரே டிரேடில் ஒரே ஊருக்குப் போய், ஒரே கோப்பையை வென்றவர்கள். சாதனையை முறியடிக்க ஜாக்சனுக்கு வாய்ப்புக் கொடுத்த 14-வது அணி, அன்றைக்கு ஒரே நாளில் அவரைக் கைமாற்றிவிட்ட அதே டொரொன்டோ.

2019 மே 15 அன்று டொரொன்டோ சீருடையில் மேட்டில் ஏறினார். அந்த ஆண்டு நல்லபடியாகப் போகவில்லை. பாதியில் டெட்ராய்ட் திரும்பினார், மொத்தம் 3 வெற்றி, 10 தோல்வி, இ.ஆர்.ஏ. 9.58. மேஜர் லீகில் அதுவே கடைசி சீசன். 17 சீசன்களின் மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி, இ.ஆர்.ஏ. 4.78. லீக் சராசரியைவிடச் சற்று மோசம்.

இந்த வரியைப் படித்துவிட்டு 'சுமாரான பிட்ச்சர்' என்று மூடிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகத்திலேயே கடினமான லீகில் 'சராசரிக்குச் சற்றுக் கீழே' 17 ஆண்டு நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு ஆண்டும் உங்களைவிட வேகமான 21 வயதுப் பையன்கள் கீழிருந்து ஏறி வருவதைத் தாண்டி யாராவது உங்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார்கள், பதினேழு வருஷமும். அதே சமயம் இதை ஒரு தன்னம்பிக்கைக் கதையாக மாற்றிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. கோடிகளில் சம்பாதித்த ஜாக்சனுக்கு அனுதாபம் தேவையில்லை. ஆனால் அவரை ஐந்து முறை கேட்காமல் நகர்த்திய அதே விதி, குறைந்தபட்சச் சம்பளத்தில் மூன்று மாதம் மட்டும் மேலே வந்து போகிறவருக்கும் பொருந்தும். அவருக்கு 5.2 கோடி ஒப்பந்தம் வரும் நாள் வராது. ஓய்வூதியக் கணக்கில் 43 நாள் சேருமா என்பதுதான் அவர் கவலை.

ஜாக்சனின் கடைசிப் பெரிய மேடை மேஜர் லீகில் இல்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், அணிகளின் 40 பேர் பட்டியலில் இல்லாத வீரர்களைத்தான் அமெரிக்கா அனுப்ப முடிந்தது. இன்னும் மேலே வராத இளைஞர்களும், மேலிருந்து இறங்கிவிட்ட மூத்தவர்களும் கலந்த அணி. அதில் ஜாக்சன் இருந்தார். இறுதிப் போட்டியில் ஜப்பானிடம் 2-0 தோல்வி, வெள்ளிப் பதக்கம். 2022 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார்.

சாதனை இப்போது அவருடையது மட்டும் இல்லை. 2025 ஜூலையில் 45 வயது ரிச் ஹில், கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காகப் பந்து வீசி 14-வது அணியைத் தொட்டார். எதிரணி, 20 ஆண்டுக்கு முன்பு அவர் மேஜர் லீகில் அறிமுகமான சிகாகோ கப்ஸ். இரண்டு ஆட்டம் முடிந்ததும் ராயல்ஸ் அவரை டி.எஃப்.ஏ. செய்தது.